மூன்றாவது விளக்குக் கம்பத்தில் நிற்கும் கார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நீங்கள் வேலை பார்க்கும் மலையில் போன் கிடைக்காததால் கடிதம். இங்கே உங்கள் மனைவி சுகம். வயிற்றில் இருப்பதும் நன்றாக உதைக்கிறது. உங்கள் அத்தை என்னோடு பேசாமல் சுகமாக இருக்கிறாள். சுகமில்லாதது கார் ஒன்றுதான், அதனால் நானும்.

'டாக்டர் சொன்ன பதினெட்டாம் தேதிக்கு ஒரு வாடகை வண்டி பேசி வைங்க மாமா, அந்தக் காரை நம்பாதீங்க' என்று கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் கேட்டேனா? என் மகள் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இந்தக் காரில், பிள்ளை பெறப் போவதும் இதில்தான் என்று உங்கள் முன்னால் மார்தட்டினேன். அன்றே தயார்ப்படுத்தவும் தொடங்கினேன். சீட்டுக்குப் புது உறை போட்டேன். டேங்க் வழிய வழியப் பெட்ரோல் நிரப்பினேன். பெட்ரோல் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டுகிறது என்பதால் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி, டேங்க் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தேன். நான் செய்ததில் இன்றுவரை உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

போன வாரம் டாக்டரிடம் காட்டப் புறப்பட்டோம். பாலத்தில் ஏறி மூன்றாவது விளக்குக் கம்பம் வந்ததும் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஊரே. பானட்டைத் திறந்து நான் எதை எதையோ தட்டிக்கொண்டிருக்க, உங்கள் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "அப்பா, நடந்திருந்தாகூட இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றாள். அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். வந்தார். நம் காரில் பெட்ரோல் முள் செத்துப் பல வருஷமாகிறதே, அதனால் யார் வந்தாலும் முதல் காரியமாக மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார், மூடினார், சாவியைத் திருப்பினார். சனியன், ஒரே தடவையில் கிளம்பிவிட்டது! "வண்டில ஒண்ணும் இல்ல சார், நீங்கதான் பதறுறீங்க" என்றார். எனக்கு எங்கே கொண்டு போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் தனியாக ஓட்டினேன். அதே பாலம், அதே கம்பம், அதே இருமல். மெக்கானிக் வந்து குச்சி விட்டதும் அதே அடக்கம் ஒடுக்கம். ஸ்பார்க் பிளக் மாற்றினார், இக்னிஷன் காயில் மாற்றினார், பெட்ரோல் பில்டர் மாற்றினார், கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார், கடைசியில் பெட்ரோலை ஏற்றும் பம்பையே மாற்றினார். அவர் ஷெட்டில் அது தங்கக்கம்பி. என் கையில் வந்தால் மூன்றாவது கம்பம். எதிர்வீட்டுக்காரர், "பம்பு சூடாகுது, ஈரத்துணி போட்டுப் பாருங்க" என்றார். அதையும் விட்டுவைக்கவில்லை. பம்பின் மேல் ஈரத் துண்டு, உங்கள் அத்தை மடியில் தண்ணீர் வாளி. கம்பம் வந்தது, கார் நின்றது, வாளி கவிழ்ந்தது. அன்றிலிருந்துதான் அவள் என்னோடு பேசுவதில்லை.

ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கம்பத்தடியில் நான் நிற்பதை நினைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை. மகளுக்குச் செய்ய ஆசைப்பட்டது இது ஒன்றுதான், இதற்கும் நான் லாயக்கில்லை. நீங்களே ஜெயித்தீர்கள். உடனே லீவு போட்டு வந்து ஒரு நல்ல வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காரை விற்றுவிடுகிறேன். இரும்புக் கடைக்காரர் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், என்றும் மக்கர் பண்ணாத வண்டியில் ஏறி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போடுவதற்குள் இன்று காலை எட்டு மணிக்கே வலி எடுத்துவிட்டது. வாடகை வண்டிக்காரன் முக்கால் மணி நேரமாகும் என்றான். வேறு வழியில்லாமல் காரை எடுத்தேன். மூன்றாவது கம்பத்தில் நின்றது. உள்ளே உங்கள் மனைவி அலறுகிறாள், நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுகிறேன். உங்கள் அத்தை இறங்கிப் போய், "பெட்ரோல் இருக்கான்னாவது பாத்தீங்களா?" என்று மூடியைத் திருகினாள். டேங்க் உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தவள், "இது யார் ஒட்டினது?" என்றாள். வாடை, குமட்டல் என்று நான் இழுத்தேன். "பால் பாட்டில்ல உள்ள காத்துப் போக வழியில்லன்னா பால் வருமா? இவளை வளர்க்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்று ரப்பரைப் பிய்த்து ஆற்றில் வீசினாள். கார் அதன்பின் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

பெண் குழந்தை. இருவரும் சுகம். கார் விற்பனைக்கு இல்லை. ரப்பர் சமாசாரம் மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டாம்.

குழந்தைக்குக் குளிரக்கூடாதே என்று துணியை நன்றாக இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "இதையாவது மூச்சு விட விடுங்க" என்றாள்.