பாஞ்சாலி என்ன சொன்னாள்?

ஜீவனஹள்ளி, பெங்களூரு
வெள்ளிக்கிழமை

என்றும் மரியாதைக்குரிய மச்சான் குணசேகர் அவர்களுக்கு, ஆதிகேசவன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தங்கள் தங்கை பாஞ்சாலி என்னைவிட நலம். ராபர்ட்சன்பேட்டையில் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், வீடோ ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். ஆகவே தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோகும் நம் ஆம்ப்ரோஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொல்லியனுப்பினால் பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். கவரை நன்றாக ஒட்டி அனுப்புகிறேன். பிரித்த அடையாளம் இருந்தால் உடனே தெரிவிக்கவும்.

விஷயம் இதுதான். பாஞ்சாலிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தது தங்களுக்குத் தெரியும். அங்கே தங்க மைன்ஸில் கல்லை உடைத்தவன் நான், அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வயிற்றில் சேர்த்துவைத்தது உங்கள் தங்கை. தையல் பிரித்து, என்னை மறுபடி அதட்டும் அளவுக்கு அவள் தேறிய பிறகு, நர்சிங் காலேஜிலிருந்து சௌம்யா என்று ஒரு பெண் வந்தது. ஏதோ ஆராய்ச்சியாம். நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னது. சாராம்சம் என்னவென்றால், என்ன நோய் என்பது டாக்டருக்குத் தெரியும், அது நோயாளிக்கு எப்படி இருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாதாம். அதைக் கேட்டு எழுதுவார்களாம். "ஆஸ்பத்திரியில இருந்தது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டது. நான் பதில் சொன்னேன். நம் வழக்கம் தங்களுக்குத் தெரியாததா மச்சான்? டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்பார், ஐயா பதில் சொல்வார். எங்கே வலி என்றதற்கு நான் என் வயிற்றைத் தொட்டுக் காட்டியதில், அவசரத்தில் இருந்த அந்த டாக்டர் என் வயிற்றையே அமுக்கிப் பார்த்தார். அம்மா தூங்கினாங்களா என்றாலும் நான்தான் சொல்ல வேண்டும், அவள் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தானே. ஆகவே பிபி எவ்வளவு, மாத்திரை என்ன, வார்டில் எந்த பேன் ஓடாது, இட்லி எப்படிக் கல்லாக இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஆஸ்பத்திரி பைல்லயே இருக்கு அங்கிள். ஆண்ட்டிக்கு எப்படி இருந்துச்சுன்னு ஆண்ட்டி சொல்லட்டும்" என்றது. ஆண்ட்டிக்கு நல்லாத்தான் இருந்துச்சு என்று அதையும் நானே சொன்னேன். "அங்கிள், நீவு ஸ்வல்ப ஹொரகே கூத்துக்கோளி" என்று கன்னடத்துக்கு மாறி, வெளியே உட்காரச் சொல்லிக் கதவைக் காட்டிவிட்டது.

என் வீட்டுக்கு வெளியே படிக்கட்டில் நான். கீழ்வீட்டு முனிகிருஷ்ணன் பார்த்துவிட்டு, என்ன அண்ணே, துரத்திட்டாங்களா என்கிறான். ஆராய்ச்சி நடக்குது என்றேன். இப்போது தெருவில் யாருக்காவது வீட்டில் சண்டை என்றால் ஆராய்ச்சி என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே உங்கள் தங்கை பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். கல்யாணமான நாளாக என்னிடம் அவள் பேசியதெல்லாம் அரிசி தீர்ந்துபோச்சு, கரண்ட் போயிடுச்சு, இவ்வளவுதான். நடுவில் சிரிப்புச் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேக்கல மச்சான், கதவைத் தட்டித் தண்ணி கேட்டேன். கதவிடுக்கு வழியா சொம்பு மட்டும் வந்தது. கொஞ்சம் பொறுத்துக் குடை கேட்டேன். குடையும் வந்தது. மழைதான் வரவில்லை.

அந்தப் பெண் போன பிறகு, என்னம்மா சொன்னே என்று கேட்டேன். எனக்கு எப்படி இருந்துச்சோ அதைச் சொன்னேன் என்றாள். எப்படி இருந்துச்சு என்றேன். அதைக் கேக்க இப்பத்தான் தோணிச்சா என்று எழுந்து போய்விட்டாள். சௌம்யாவுக்குப் போன் போட்டால், அது ரகசியமாம், புத்தகத்தில் பெயரைக்கூட மாற்றித்தான் போடுவார்களாம். உங்கள் தங்கை மைதிலி என்று வைத்துக்கொண்டாளாம். சரி, எனக்கு என்ன பேர் என்று கேட்டேன். "உங்களுக்குப் பேரே வைக்கல அங்கிள், நீங்க ஆராய்ச்சியில இல்லையே" என்றது.

ஆஸ்பத்திரியில் நான் என்ன குறை வைத்தேன்? என்னைப் பற்றி என்ன சொல்லி அழுதாள்? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியதெல்லாம் சரிதானா என்று அவளிடமே படித்துக் காட்ட ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மறுபடி வருகிறது. தாங்கள் காலை ரயிலில் அவசியம் வந்து, அண்ணன் என்ற முறையில் உள்ளேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். புருஷனை வெளியே போகச் சொல்லலாம், கூடப் பிறந்தவரைச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று பெரியவராகத் தாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். அந்தக் கேள்வியால் இந்த வீட்டில் பட்டதே போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
ஆதிகேசவன்

பின்குறிப்பு: கவரைப் பிரித்தது நான்தான், ஆம்ப்ரோஸைச் சந்தேகப்பட வேண்டாம். அவன் வருவதற்குள் சௌம்யா போன் செய்தது. நோயாளியோடு கூட இருந்தவர்களையும் கேட்கப் போகிறார்களாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்தபோது எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்ல என்னம்மா இருக்கு, டீ குடிச்சேன், அவ்வளவுதான் என்றேன். ஸ்பீக்கர்தானே, சமையல்கட்டிலிருந்து பாஞ்சாலி குரல் கொடுத்தாள்: "எங்க குடிச்சாரு? நான் வெளிய வர்ற வரைக்கும் அதே டீயைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாராம், ஆயாம்மா சொன்னாங்க. அதைச் சொல்றப்பதான்மா அன்னிக்கு அழுதுட்டேன்."

ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியை நிறுத்த வர வேண்டாம். வந்தாலும் தங்கையைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்காரவும், என்னைத் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது மச்சான். சொம்பையும் குடையையும் முன்னாடியே வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன், யாரும் கதவைத் தட்டக்கூடாது.