ஊசி குத்திய பெயர்

வெண்கோட்டை நாட்டில் மழைக்குத்தான் குறை, ஆணைகளுக்குக் குறைவில்லை. அங்கே ஆண்டுதோறும் மன்னர் ஒரு தோல்சுருளை விரித்து, அதிலுள்ள பெயர்களில் ஒன்றை வெள்ளி ஊசியால் குத்துவார். குத்துப்பட்டவர் அந்த ஆண்டின் கோட்டக்காவலர். மை என்றால் சுரண்டிவிடலாம், துளையை யாரும் சுரண்ட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

ஒரு காலத்தில் கோட்டக்காவலருக்குப் படை இருந்தது. அதை எடுத்துக்கொண்ட மன்னர், பதிலுக்கு முனை மழுங்கிய வாள் ஒன்றைக் கொடுத்தார். அவருடைய பேரன் வரி வாங்கும் உரிமையை எடுத்துக்கொண்டு வெல்வெட் அங்கி போர்த்தினார். நீதி சொல்லும் ஆசனம் போனபோது தொப்பிக்கு இறகு வந்தது. மிஞ்சியது சிறைச்சாவி ஒன்றுதான்.

ஊருக்கு வரும் நீதிபதிகளுக்குச் சொந்தச் செலவில் விருந்து வைத்தே நொடித்துப்போகும் பதவி அது. எல்லோரும் தப்பி ஓடிய பட்டியலில், அந்தச் சாவிக்காகவே மாசிலாமணி தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். ஆற்று மதகை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்ட குற்றத்துக்கு அவருடைய தம்பி வடுகநாதன் ஏழு மாதமாக உள்ளே கிடந்தான்.

ஊசி அவர் பெயரில் இறங்கியது. அங்கியை மாட்டிய கையோடு சாவியைக் கேட்டார்.

அமைச்சர் கனைத்துக்கொண்டார். "புதிய ஆணை இன்று காலைதான் பிறந்தது. சிறை இனி அரண்மனைப் பொறுப்பு. தங்களுக்கு இதோ."

நான்கு பேர் ஆள் உயரப் பொற்சாவி ஒன்றைத் தூக்கி வந்தார்கள்.

"இது எந்தப் பூட்டுக்குங்க?"

"மாண்புக்கு எதற்கையா பூட்டு?"

"அப்ப எனக்கு இந்தப் பதவி வேணாங்க. பேரை எடுத்துடுங்க."

அமைச்சர் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளை வழியே வந்த ஒளி மாசிலாமணியின் மார்பில் புள்ளியாய் விழுந்தது. "எங்கே, நீங்களே எடுங்கள் பார்ப்போம்."

பிறகு ஆறுதலும் சொன்னார். "ஒரு கடமை தங்களிடமே இருக்கிறது. தூக்குத் தண்டனைகள் இன்றும் கோட்டக்காவலர் பெயரில்தான் நிறைவேறும். மன்னர் மரபை மதிப்பவர். தங்கள் தம்பிக்கு வெள்ளிக்கிழமை."

மேடை ஏறிய வடுகநாதன் அண்ணனின் இறகுத் தொப்பியைப் பார்த்தான். "தலையில என்னண்ணே, சேவலா?" என்று சிரித்தான். வாசிக்கச் சொல்லி நீட்டிய ஆணையை மாசிலாமணி வாங்கவில்லை. வேறொருவர் வாசித்தார், அவர் பெயரில்.

அன்று மாலை ஊரே திரண்டது. அரண்மனைக்குக் காவல் இருந்தது. சாணி மாசிலாமணி வீட்டுக் கதவில் விழுந்தது.

"கூடப் பொறந்தவன தூக்குல போட்டவனே, வெளிய வாடா!"

"மதகத் தெறக்கத் துப்பில்ல, இவனுக்கு வெல்வெட்டு ஒரு கேடு!"

மக்களின் குமுறல் மன்னரின் செவிக்கு எட்டியது. மனமுருகி ஆணையிட்டார்: இனிக் கோட்டக்காவலரை மக்களே தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று நாள் மேளம் ஓயவில்லை. மதகு மூடியே கிடந்தது. வெயிலில் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த பெயரைக் குத்தினார்கள். குத்தியதற்கு அடையாளமாக அதே ஊசி அவரவர் விரலிலும் ஒருமுறை இறங்கியது. ரத்தப் புள்ளியை ஒருவருக்கொருவர் உயர்த்திக் காட்டியபடி, சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

மாசிலாமணி கதவில் காய்ந்த சாணியைக் கழுவத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்.