டயருக்கு மூன்றாவது வேலை

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, கடற்பக்கமிருந்து மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கிலங்கையின் மருதமுனையில், நெசவாளர் காலிதீனின் வீட்டு வாசலுக்கு நேரேயுள்ள ஒடுங்கிய ஒழுங்கையின் வளைவில், கோகுலன் என்னும் கள உத்தியோகத்தர் தம்முடைய மோட்டார் சைக்கிளுக்குக் கீழே கிடந்தார். பின்னால் அமர்ந்து வந்த அலுவலக உதவியாளர் வேலப்போடி, விரித்த குடையை மடக்காமலே, வேலியோரத்தில் உட்கார்ந்த நிலையில் காணப்பட்டார்.

காலிதீன் ஓடிவந்தார். மாதக்கணக்காக அவர் வழிபார்த்திருந்த உத்தியோகத்தர் வந்துவிட்டார். ஆனால் கிடையாக வந்திருந்தார்.

கடற்கரையோரம் இருந்த காலிதீனின் நெசவுக் கொட்டிலைச் சுனாமி கொண்டுபோய் ஐந்தாண்டு ஆகப்போகிறது. யுத்தம் முடிந்தபின் தொண்டு நிறுவனமொன்று நெசவாளருக்குக் கொட்டில் கட்டிக்கொடுக்க முன்வந்தது. அதன் சார்பில் கோகுலன் வந்து பார்த்து, சிபாரிசு செய்து கையெழுத்திட்டால் கொட்டில் வரும். இல்லையேல், மனைவி ஸுல்பிகாவின் பேரிலுள்ள இந்த வீட்டு விறாந்தையில் நெருக்கியடித்து நிற்கும் நான்கு தறிகளையும் விறகுக்கு விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

விறாந்தையில் தறி நிற்கும். பாவு போட முடியாது. நெய்வதற்கு முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். பழைய கொட்டிலுக்குப் பின்னால் அதற்கென்று நீண்ட நிலம் இருந்தது. இப்போது ஒழுங்கைதான் இருந்தது. முதல் நாள் வெயிலில் சிந்திய கஞ்சி தாரோடு தாராகக் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. காலைத் தூறல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்துவிட்டது.

சக்கரம் சுழன்று ஓயுமுன்பே காலிதீன் இதை உணர்ந்துகொண்டார். பொதுப் பாதையை மறித்துத் தொழில் செய்வது குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். குற்றம் செய்பவனுக்கு எவரும் கொட்டில் கட்டிக்கொடுக்கமாட்டார்கள் என்பது அவராகவே எடுத்த முடிவு.

"என்ன காக்கா, இந்த இடம் இப்பிடி வழுக்குது?" என்று, அண்ணன்மாரை அவ்வூர் அழைக்கும் முறையில், கோகுலன் எழுந்தபடி கேட்டார்.

"ரோட்டில ஒண்டுமில்ல சேர். டயர்தான்."

யுத்த காலத்தில் நூல் வராத நாட்களில், மைத்துனரின் மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் வேலை செய்தவர் காலிதீன். ஆகவே அவருடைய பொய்க்கு உண்மையான அத்திவாரம் இருந்தது.

"நேரா ஓடக்குள்ள டயருக்கு ஒரே வேல சேர், வண்டியத் தாங்குற. வளையக்குள்ள ரெண்டாவது வேல வருது. வண்டி வெளிப்பக்கம் ஓடப் பாக்கும். அத டயர்தான் இழுத்துப் புடிக்கணும். ரோட்டில படுறது உள்ளங்கையளவு இடம். அதுக்குள்ள தண்ணி பூந்தா புடி குறைஞ்சிரும். அந்த நேரம் பாத்து நீங்க பிறேக்கையும் அழுத்தினா, அது மூணாவது வேல. ஒரு கூலிக்காரனுக்கிட்ட ஒரே நேரத்தில மூணு வேல சொன்னா என்ன செய்வான்?"

"எல்லாத்தையும் போட்டுட்டுப் போயிருவான்," என்றார் வேலப்போடி, சேற்றைத் துடைத்தபடி. "நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கன்."

கோகுலன் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயர் உண்மையாகவே தேய்ந்திருந்தது. "அப்ப பிழை என்னிலதான்," என்றார். எந்தப் பிழையையும் தம்முடையதென ஏற்றுக்கொள்ளும் அரிய உத்தியோகத்தர் அவர். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியதால், தறிகளைப் பார்க்காமலே திரும்பிப்போனார்.

"கஞ்சி எண்டு உள்ளதச் சொன்னா என்னங்க?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"சொன்னா கொட்டில் பைல மூடிருவாங்க. நீ பேசாம இரி."

அடுத்த புதன்கிழமை கோகுலன் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை காலிதீன் வளைவைக் கழுவினார். குடம்குடமாக ஊற்றிய தண்ணீர் கஞ்சியைக் கரைத்தது, கொண்டுபோகவில்லை. ஒழுங்கைக்கு வடிகான் இல்லாததால், கரைந்தது முழுவதும் வளைவிலேயே தங்கிற்று.

மோட்டார் சைக்கிள் இம்முறை படுத்தவாறே வழுக்கி, வாசற்படிவரை வந்து நின்றது.

"முன்னேற்றம் இருக்கு காக்கா," என்றார் வேலப்போடி கீழிருந்து. "அடுத்த முறை தறிக்குள்ளயே வந்திருவம்."

கோகுலன் முழங்காலைத் தடவினார். "புது டயர், காக்கா. நீங்க சொன்னதாலதான் மாத்தினன்."

காலிதீன் குனிந்து புது டயரைத் தடவிப் பார்த்தார். அறிவு அவரைக் கைவிடவில்லை. "புதுசு எண்டதாலதான் சேர். புது டயருக்கு மேல மெழுகு மாதிரி ஒரு மினுக்கம் இரிக்கும். கொஞ்சத் தூரம் ஓடி அது தேயாம, ஈர ரோட்டில புடிக்காது."

"பழசும் சரியில்ல, புதுசும் சரியில்ல," என்றார் வேலப்போடி. "நம்மட வாழ்க்க மாதிரித்தான் இந்த டயரும்."

கோகுலன் அதையும் நம்பினார். நொண்டியபடி போனார்.

அன்று மாலை காலிதீன் கடற்கரை மணலை அள்ளிவந்து வளைவில் பரப்பினார். பின்னர், நேர்மையான பரிசோதனையாக இருக்கட்டும் என்று, தம்முடைய சொந்த மோட்டார் சைக்கிளில் ஏறி அவ்வளைவைத் திரும்பினார். மணல் கஞ்சியை மறைத்தது. ஆனால் டயருக்குக் கீழே மணிமணியாக உருண்டது. ஸுல்பிகா வேலிப் படலைக்குள் நின்று, விழுந்தவர் எழுந்து உட்காரும்வரை பார்த்திருந்தாள்.

"இது டயராலயா, பிறேக்காலயா?"

காலிதீன் கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. சுனாமிக்குப் பிறகு ஒருநாள், கொட்டில் இருந்த இடத்தில் அவர் இப்படி உட்கார்ந்திருந்ததை ஸுல்பிகா நினைத்துக்கொண்டாள். வந்து மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி வைத்தாள்.

எஞ்சியிருந்தது ஒரே வழி. காலிதீன் பாவு போடுவதையே நிறுத்தினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கென நெய்து கொடுக்க ஏற்றிருந்த சாரன் ஓடரை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார். நெய்ய வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார். மணலை அகற்றி, சவர்க்காரத்தூள் போட்டுத் தும்புத்தடியால் நாள்தோறும் தேய்த்தார். பெருநாளைக்கு முன் பெய்த பெருமழை மிகுதியைக் கழுவிக்கொண்டு போயிற்று. ஊரிலேயே தூய்மையான ஒழுங்கை அதுவாயிற்று. நான்கு தறிகளும் சத்தமின்றி நின்றன.

பெருநாளுக்கு அடுத்த வாரம், கொட்டும் மழையில், கோகுலன் மூன்றாம் முறை வந்தார். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தார். வளைவுக்குள் பிறேக்கைத் தொடவில்லை. வண்டியை அதிகம் சரிக்காமல் மெல்லத் திருப்பி, வாசலில் நிமிர்ந்தபடி நிறுத்தினார்.

"நீங்க படிப்பிச்ச மாதிரியே வந்தன் காக்கா. பாருங்க, ஒண்டும் நடக்கயில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் காலிதீன். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

கோகுலன் தறிகளைப் பார்த்தார். விறாந்தையை அளந்தார். மீண்டும் வெளியே வந்து, ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து திரும்பினார்.

"பாவு எங்க போடுறீங்க?"

காலிதீன் இக்கேள்விக்காகப் பல நாள் ஆயத்தமாகியிருந்தார். "வெளியால குடுத்துப் போட்டெடுக்கிற சேர்."

"ரோட்டில போடுறல்லயா?"

"ஒரு துளி கஞ்சி கூடச் சிந்துறல்ல."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க காக்கா. இந்த ஊரில கனபேர் ரோட்டிலதான் போடுறாங்க. அதாலதான் கேக்கிறன்."

"அவங்க போடுவாங்க சேர். நாங்க அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்ல."

ஸுல்பிகா வாயைத் திறந்தாள். காலிதீன் இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கோகுலன் ஒழுங்கையை இன்னொரு தடவை பார்த்தார். பின்னர் விறாந்தைத் திண்ணையில் அமர்ந்து எழுதினார், கையெழுத்திட்டார், திகதியிட்டார், ஒரு பிரதியைக் கிழித்து இரு கைகளாலும் நீட்டினார். காலிதீன் அதை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டு வாசித்தார்.

'விண்ணப்பதாரி பொதுப் பாதையில் தொழில் செய்யும் அவல நிலையில் இல்லை. எனவே கொட்டில் சிபாரிசு செய்யப்படவில்லை.'

"போக இடமில்லாம ரோட்டில நிண்டு பாவு போடுறவங்களுக்குத்தான் இந்தக் கொட்டில்," என்றார் கோகுலன் கனிவாக. "உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லாதது எனக்குச் சந்தோசம், காக்கா."

வேலப்போடி பின்னால் ஏறி அமர்ந்து குடையை விரித்தார்.

"இந்த ஊரில கொட்டில் கிடைச்ச மூணு பேர்ட வாசல்லயும் போன கிழமை நாங்க கஞ்சில வழுக்கி விழுந்த, காக்கா," என்றார். "டயரால விழுந்தது உங்கட வாசல்ல மட்டுந்தான்."