ஞாயிறு அறிவிப்பில் என் பிள்ளை

மைக் கைக்கு வந்துவிட்டால் எனக்கு நிதானம் இருக்காது. இதை ஒப்புக்கொள்ள ஐம்பத்தாறு வயதாகிவிட்டது.

வண்டன்மேட்டுப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் சபை. அதன் செயலராக ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசிப்பது என் வேலை. (அதற்காகத்தான் நான் கோயிலுக்கே போனேன் என்பாள் மனைவி எஸ்தர்.) யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மூட்டுவலி, யார் மாடு கன்று போட்டது, ஒன்றையும் விடமாட்டேன். கூரைமேல் இருந்த குழாய் ஸ்பீக்கர் அதைத் தொழிலாளர் லயன் வீடுகள்வரை கொண்டுபோகும்.

கோவையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே பிள்ளை அன்பு, பிறந்தநாளுக்காக ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"அப்பா, நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. ரொம்ப வருசமாவே எனக்குத் தெரியும். அவன், அவள்னு இல்லாம என்னைய 'அவங்க'ன்னு சொல்றீங்களா?"

எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் "சரி தங்கம்" என்றேன்.

"யாருட்டயும் சொல்லிராதீங்க. நாளைக்குச் சாயங்காலம் அம்மாட்ட நானே பதமாச் சொல்லிக்கிறேன்."

அன்று முழுக்க ஏலச்செடிகளிடம், "அவங்க வந்தாங்க, அவங்க சாப்பிட்டாங்க" என்று சொல்லிப் பழகினேன். ஒரே நாளில் தேறிவிட்டேன் என்று பெருமை வேறு. பெருமை வந்தால் நான் சும்மா இருக்கிற ஆளா?

மறுநாள் காலை ஆராதனை. பிறந்தநாள் வருகிறவர்களை முன்னால் அழைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். அன்பு வந்து முழங்கால்படியிட்டார்கள். நான் பெயரை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சபையாருக்கு ஒரு அறிவிப்பு. அன்பு ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. ஆகவே இன்றுமுதல் அனைவரும் 'அவங்க' என்று மரியாதையாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பழக்கதோஷத்தில் சபை மொத்தமும் "ஆமென்" என்றது. அதற்குப் பிறகுதான் என்ன கேட்டோம் என்று யோசித்தார்கள். பாடகர் குழுவில் நின்ற எஸ்தரின் கையிலிருந்து பாட்டுப்புத்தகம் விழுந்தது. அன்பு எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

மத்தியானமே ஜெபக்குழு வீட்டுக்கு வந்துவிட்டது. என் அறிவிப்பை எல்லோரும் கவனமாகக் கேட்டிருந்தார்கள். ஒருவர் வாய்கூடத் தவறவில்லை.

"ஆண்டவரே, அவங்களத் தொடும்! அவங்களக் குணமாக்கும்! அவங்கள மாத்தும்!"

எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜெபம் முடிவதற்குள் அன்பு பையைத் தூக்கிவிட்டார்கள். வாசலில் மறித்தேன்.

"நல்லதுக்குன்னுதான் சொன்னேன் தங்கம்."

"தெரியும்ப்பா. அம்மாட்ட எப்படிச் சொல்லணும்னு ரெண்டு வருசமா யோசிச்சு வச்சிருந்தேன்."

எஸ்தர்தான் கூடப் போனாள். பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம். அதற்குள் தாயும் பிள்ளையும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செயலர் பதவியை மறுவாரமே விட்டுவிட்டேன். ஆனாலும் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும், "மெதுவா! செயலர் காதுல விழுந்தா லயன் பூராவும் கேக்கும்" என்று கொழுந்தியாள் தொடங்கிவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அன்பு தினமும் எஸ்தரிடம் போனில் பேசுகிறார்கள். "அவங்க புது வேலைக்குப் போயிட்டாங்களாம்" என்றாள் ஒருநாள்.

"எந்த ஊர்ல?"

"கேட்டுச் சொல்லுதேன்."

நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.