தேநீரில் ஊறிய சப்பாத்து

'இனி இந்த வீட்டுக்குள் புதுச் சப்பாத்து ஒரு ஜோடி வந்தாலும், அலமாரியில் இருக்கும் ஜோடி மொத்தமும் கோயிலில் பழசு விற்கும் ஜம்பிள் சேலுக்குப் போகும்.'

இது புனிதா போட்ட சட்டம். மாமியார் முன்னிலையில் சுகுமாறன் சத்தியமே செய்து கொடுத்திருந்தார். மறு மாதமே சோதனை வந்தது. 'வேல் 3' மறுபடியும் வெளியாகிறதாம்!

டெரன்ஸ் வேல் என்ற கூடைப்பந்து வீரரின் பெயரில் வந்த சப்பாத்து வரிசை அது. முதலாவது செங்கல் கனம். இரண்டாவதில் கயிற்றுக்குப் பதில் ஜிப் வைத்தார்கள். ஆட்டத்தின் நடுவே அது வாயைப் பிளந்துகொண்டது. மூன்றாவதுதான் அவதாரம். கணுக்காலைத் தாழ்த்தி, குதிகாலில் பச்சைத் தையல் ஓட்டி, அடிப்பாகத்தைக் கண்ணாடி போல வார்த்திருந்தார்கள். சுகுமாறன் முதல் சம்பளத்தில் வாங்கினார். செராஸிலிருந்து கிள்ளானுக்கு வீடு மாறியபோது அது ஏதோ ஒரு பெட்டிக்குள் போனதாக அவர் நினைப்பு. அந்தப் பெட்டியை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

அங்கேதான் திட்டம் பிறந்தது. புதியதை வாங்கிவந்து, பழையது கிடைத்துவிட்டது என்றால்? வடிவம் அச்சு அசல் அதேதான். பழசுக்கு அடிப்பாகம் மஞ்சளடித்திருக்கும், அவ்வளவுதானே! புனிதா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, ஒரு பேசின் நிறையக் கடுந்தேநீர் காய்ச்சி, வாங்கிவந்த ஜோடியை அதில் ஊறவைத்தார்.

"என்னங்க, டீத்தூள் டின்னு காலியா இருக்கு?"

"தொண்டை சரியில்ல லா. நாலஞ்சு தடவை போட்டுக் குடிச்சேன்."

மறுநாள் ஸ்டோர் ரூமிலிருந்து வெற்றி வீரராக வெளியே வந்தார்.

"புனிதா, இங்க பாரு! பழைய பெட்டியில கெடச்சுது. என்னோட வேல் மூணு!"

புனிதா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"அட, அந்தப் பழைய சப்பாத்தா?"

"அதேதான்!"

"புதுசு இல்லையே?"

"எப்படி மஞ்சளடிச்சிருக்கு, தெரியல?"

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை நம்ம தாமான் வீட்டுக்காரங்க கோத்தோங் ரோயோங். பின்பக்கச் சாக்கடையை எல்லாரும் சேர்ந்து வாரணும். எதைப் போட்டு உங்களை இறக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

சுகுமாறன் சப்பாத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதையா? இது சரித்திரம்மா!"

"புதுசா இருந்தா நானே வேணாம்பேன். பழசுதானே?"

பழசு இல்லை என்று ஒப்புக்கொண்டால் அலமாரி போகும். ஞாயிற்றுக்கிழமை டெரன்ஸ் வேல் சாக்கடையில் இறங்கினார்.

"அண்ணே, சப்பாத்து பளபளன்னு இருக்கே! இதைப் போட்டுக்கிட்டா சேத்துல நிக்கறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக் கன்னையா.

"பழசு தம்பி, ரொம்பப் பழசு" என்றார் சுகுமாறன், அழுகையை மென்றுகொண்டே.

மத்தியானம் வாசல் குழாயடியில் உட்கார்ந்து பல் தேய்க்கும் பிரஷால் பச்சைத் தையலைத் தேடிக்கொண்டிருந்தார். புனிதா கையில் கோப்பையோடு வந்தாள்.

"அந்தப் பழைய ஜோடி செராஸ்லயே தூள் தூளா உதிர்ந்து போச்சுங்க. நான்தான் பழைய பேப்பர் லோரியில தூக்கிப் போட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

பிரஷ் நின்றது. முதல் சம்பளச் சப்பாத்து! கத்தலாம்தான். ஆனால் அந்த ஜோடிக்காகக் கத்தினால், கையில் இருக்கும் ஜோடிக்கு என்ன பதில் சொல்வது?

"அப்ப... அலமாரி?" என்றார் மெல்ல.

"அலமாரிக்கு என்ன?" சொட்டும் சேற்றைப் பார்த்தாள். "புதுச் சப்பாத்து எதையும் நான் பார்க்கலையே."

கோப்பையை நீட்டினாள்.

"இந்தாங்க, தேநீர். இது குடிக்கறதுக்கு."