அடிக்கு ஓர் அடி

எர்லன்ஃபுர்ட் நகரத்தில் ஆண்டுதோறும் கோடைத் திருவிழாவில் புனித வெரிண்டாவை வதைத்துக் கொல்வது வழக்கம். இதில் எங்களுக்கு மிகுந்த பெருமை உண்டு.

வெரிண்டா ஓர் அரசனின் மகள். துரோகோ என்ற கொடியவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். "மாட்டேன்" என்றாள். அடித்தான், சுட்டான், கடைசியில் தலையை வெட்டினான். அதுவரைக்கும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள் என்று பழைய ஏடு சொல்கிறது. ஆனால் எங்கள் பங்குச் சாமியார் எழுதிய நாடகத்தில் அவளுக்கு மூன்றே வரிகள்தான். "ஆண்டவரே", "ஐயோ", மறுபடியும் "ஆண்டவரே". மீதி முழுவதும் துரோகோ பேசுவான். புனிதையாக நடிப்பவர் நாவிதர் ஓட்மார். அதற்காக வருஷத்துக்கு ஒரு முறை மீசையை எடுப்பார்.

அந்த ஆண்டு பங்குச் சாமியார் காலமாகிவிட்டார். எழுதும் பொறுப்பு கன்னியர் மடத்துக்குப் போயிற்று. அங்கே இருபது வருஷமாகப் பிறர் எழுதிய புத்தகங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த சகோதரி ரிக்கார்டிஸ், இரண்டே வாரத்தில் ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தார். அதில் புனிதைக்கு இருநூறு வரிகள்.

நான் ஆயர் அலுவலகத்தில் இரண்டாம் எழுத்தர். என் மேலதிகாரி, நூல் ஆய்வாளர் எங்கல்பெர்ட் சாமி. அவர் ரிக்கார்டிஸை வரவழைத்தார்.

"என்னம்மா இது? இந்தப் பொண்ணு இவ்வளவு பேசுது?"

"புனிதை பேசுனாங்கன்னு ஏட்டிலயே இருக்கே சாமி."

"பேசுனாங்க, இல்லேங்கல. எப்பப் பேசுனாங்க? அடி வாங்கும்போது பேசுனாங்க. சும்மா உக்காந்துக்கிட்டா பேசுனாங்க?"

எதையும் ஆராயாமல் முடிவு செய்பவர் அல்ல எங்கல்பெர்ட் சாமி. அலமாரியிலிருந்த பன்னிரண்டு கதைப் புத்தகங்களையும் இறக்கச் சொன்னார். மூன்று நாள் படித்தோம். அவர் சொன்னது சரிதான். அந்தக் கதைகளில் பெண்கள் அடி வாங்கும்போது பேசினார்கள். தலைமுடியைப் பிடித்து இழுக்கும்போது பேசினார்கள். கோபுரத்தில் பூட்டிவைத்தால் பாட்டுக்கூடப் பாடினார்கள். நிம்மதியாக இருக்கும்போது வாய் திறந்தவள் ஒரே ஒருத்திதான். கதை முடிவில் அவள் பேய் என்று தெரியவந்தது.

நான்காம் நாள் ஆணை பிறந்தது. என் கையெழுத்தில்தான்:

"முன்னோர் மரபை முன்னிட்டும், திருச்சபையின் மாண்பைக் கருதியும், நாடகத்தில் வரும் பெண் ஓர் அடி வாங்கியபின் ஒரு வரி பேச இதனால் அனுமதிக்கப்படுகிறாள். அடி வாங்காமல் பேசப்படும் வரி, பேசப்படாத வரியாகவே கருதப்படும்."

ரிக்கார்டிஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இருநூறு வரிக்கு இருநூறு அடியா சாமி?"

"நான் என்ன ராட்சசனா? வரியைக் குறைச்சுக்குங்க."

"வரி குறையாது. அடியைச் சேத்துக்கிறேன்."

ஒத்திகை ஆரம்பித்தது. பிரம்புக்குப் பதில் துணிக்குள் வைக்கோல் அடைத்த தடிதான். ஆனாலும் அடி அடிதானே. முப்பத்தோராவது அடியில் ஓட்மார் எழுந்துவிட்டார்.

"நான் முடி வெட்டுறவன்மா. வேதசாட்சி இல்ல" என்று சொல்லிவிட்டு, மீசை வளர்க்க வீட்டுக்குப் போய்விட்டார்.

மடத்துத் துணிகளை வெளுப்பவள் கெர்லிண்ட். பீப்பாய் செய்யும் ஹார்ட்வினின் மனைவி. ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டே அவள் கேட்டாள்:

"நான் நடிக்கட்டுமாம்மா?"

"இருநூறு அடிடி."

"வீட்டுல வாங்காததா? அங்க ஒரு வரிகூடக் கிடையாது."

ரிக்கார்டிஸ் நாடகப் பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காரு" என்றார்.

கெர்லிண்ட் சொன்னது ஊருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஹார்ட்வின் குரல் உயர்ந்ததும் அந்தத் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். அவளும் இரண்டு முறை திருச்சபை நீதிமன்றத்துக்குப் போனாள். நேரில் பார்த்த ஆண்கள் இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டி வரச் சொன்னார்கள். நேரில் பார்த்த ஆண் ஒருவன்தான். அவன் ஹார்ட்வின். தான் எதையும் கவனிக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

பெண் ஒருத்தி மேடையேறுவதா என்று எங்கல்பெர்ட் சாமி அரை நாள் யோசித்தார். ஆணையில் "பெண்" என்றுதான் இருந்தது. பார்க்கப்போனால் இத்தனை காலம் ஓட்மார் நடித்ததுதான் முறைகேடு. ஆகவே கணவனின் சம்மதத்தோடு நடிக்கலாம் என்று தீர்மானித்தார். ஹார்ட்வினைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

"யாரு அடிக்கிறது?" என்று கேட்டான் அவன்.

"ரொட்டிக் கடைக்காரர்."

"எவனோ ஒருத்தன் ஊரே பாக்க என் பொண்டாட்டிய அடிப்பான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? எனக்கு மானம் ரோஷம் இல்லையா சாமி? அடிச்சா நான்தான் அடிப்பேன்."

எங்கல்பெர்ட் சாமி நெகிழ்ந்துபோனார். "குடும்பப் பாங்கான ஏற்பாடு" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

திருவிழா வந்தது. கோயில் முற்றம் நிறையக் கூட்டம். பன்றிக்கறி வாசனை, பீர் நுரை. ஆணை சரிவர நடக்கிறதா என்று பார்க்க நானும் சாமியும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கெர்லிண்டுக்கு எழுத்து தெரியாது. இருநூறு வரிகளையும் துணி வெளுத்தபடி காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள்.

முதல் அடி விழுந்தது.

"மாட்டேன்" என்றாள்.

இரண்டாம் அடி.

"என் வாய் உன் வீட்டுக் கதவு அல்ல, நீ நினைத்தபோது சாத்துவதற்கு."

மூன்றாம் அடி.

"நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். அதன்பிறகு உன் கை மட்டும்தான் பேசுகிறது."

வழக்கமாகப் பத்தாவது அடிக்கெல்லாம் ஜனங்கள் பீர் வாங்க எழுந்துவிடுவார்கள். அன்று யாரும் எழவில்லை. ஐம்பது ஆயிற்று, எண்பது ஆயிற்று. நூறைத் தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். கூட்டம் மேடையில் துரோகோவைப் பார்க்கவில்லை, அந்த வேஷத்தில் நின்ற ஹார்ட்வினைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவனும் கவனித்துவிட்டான். தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ள, அடித்துப் பழகியவன். கை தளர்ந்தது. காது சிவந்தது. நூற்றிருபதாம் வரி இப்படி வந்தது:

"உன் கை வலித்தால் நீ ஓய்வெடுக்கிறாய். எனக்கு எப்போது ஓய்வு?"

ஹார்ட்வின் தடியைக் கீழே போட்டான்.

"என்னால முடியாது."

பதினோரு வருஷத்தில் அவன் தானாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

கெர்லிண்ட் அடுத்த வரிக்காகத் திறந்த வாயோடு நின்றாள். அடி இல்லை. ஆணைப்படி வரியும் இல்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடிப்பா! அடுத்த வரி என்னன்னு கேக்க வேணாமா?"

"ஆமா, நல்ல எடத்துல நிறுத்துறான் பாரு!" என்றாள் ஒருத்தி.

"அடி! அடி!"

ரொட்டிக் கடைக்காரர் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். மேயரம்மா எழுந்து நின்று கத்தினார். பதினோரு வருஷமாக ஜன்னலைச் சாத்திக்கொண்ட ஊர், முழுசாக எழுந்து அவளை அடிக்கச் சொன்னது. நடுநிலை தவறாமல் சொல்வதென்றால், நானும் கத்தினேன். அடுத்த வரியைக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கெர்லிண்ட் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு நூற்றிருபத்தோராம் வரியைச் சொன்னாள்.

எங்கல்பெர்ட் சாமி துள்ளி எழுந்தார். "நிறுத்து! அடி விழல!"

"விழுந்திருக்கு சாமி."

"எப்ப?"

"பதினோரு வருஷமா. ஒரு வரியும் பேசாம வாங்குனது நெறையக் கிடக்கு. அதுல இருந்து கழிச்சுக்குங்க."

சாமி மெல்ல உட்கார்ந்தார். என் பக்கம் குனிந்தார்.

"அடி மேடையிலதான் விழணும்னு ஆணையில இருக்காப்பா?"

"இல்ல சாமி."

"வைக்கோல் தடியாத்தான் இருக்கணும்னு?"

"அதுவும் இல்ல."

"அப்பச் சரி. ஆனா ஆதாரம் வேணும்." ஹார்ட்வின் பக்கம் திரும்பினார். "ஏம்பா, இவ சொல்றது நெசமா?"

ஹார்ட்வினுக்கு எப்படியாவது மேடையை விட்டு இறங்கினால் போதும் என்று இருந்தது. "புருஷன் அடிக்காம வேற யாரு அடிப்பா? அடிச்சேன். அதுக்கு இப்ப என்ன?"

"பாத்தவங்க உண்டா?"

இன்னும் எழுபத்தொன்பது வரிகள் மீதி இருந்தன. கூட்டத்துக்குப் பொறுமை இல்லை. "நாங்க பாத்தோம்!" "எங்க வீடு வரைக்கும் கேக்கும் சாமி!" "போன சனிக்கிழமைகூட!" முற்றத்தில் இருந்த அத்தனை ஆண்களும் கை தூக்கினார்கள். எல்லார் பெயரையும் நான் ஒரு சாட்சிப் பத்திரத்தில் எழுதினேன். சாமி ஆயரின் முத்திரையைப் பதித்தார். சட்டப்படி எல்லாம் சரியானது.

மீதி எழுபத்தொன்பது வரிகளையும் கெர்லிண்ட் ஓர் அடியும் வாங்காமல் பேசினாள். முடிவில் தலையை வெட்ட வேண்டும். ஆனால் துரோகோ சாராயக் கடைக்குப் போய்விட்டிருந்தான். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்த புனிதை, கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். எர்லன்ஃபுர்ட் வரலாற்றில் வெரிண்டா உயிர் பிழைத்தது அன்றுதான். அதை ஒரு குறையாகப் பதிவு செய்தோம்.

திங்கட்கிழமை அவள் எங்கள் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். அவர்கள் வழக்கம்போல இரண்டு ஆண்களைக் கேட்டார்கள். அவளிடம் முந்நூறு பேர் இருந்தார்கள், மேலே ஆயரின் முத்திரை வேறு. பிரிந்து வாழ உத்தரவு கிடைத்தது. ரிக்கார்டிஸ் படித்துறை வரை போய் வழியனுப்பினார். கெர்லிண்ட் இப்போது ஆற்றின் கீழ்ப்பக்கம் ஏதோ ஓர் ஊரில் துணி வெளுக்கிறாளாம். நாள் முழுக்கப் பேசுகிறாள் என்று படகுக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

நாடகத்தின் புகழ் பரவியது. பக்கத்துக் கோட்டைகளின் சீமாட்டிகள் கன்றிப்போன தோலின் நிறத்தில் நீளக் கை வைத்த அங்கி தைத்துக்கொண்டார்கள். அதற்கு "வெரிண்டா நீலம்" என்று பெயர். நல்ல பட்டு. யாருக்கும் வலிக்காது.

அடுத்த ஆண்டுக்குப் புதிய புனிதை தேவைப்பட்டாள். கோயில் கதவில் அறிவிப்பு ஒட்டினோம். முந்தைய அடிகளைக் கழித்துக்கொள்ளலாம் என்பது இப்போது முன்னுதாரணம் ஆகிவிட்டதால், "அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி சேர்த்தேன். ஒன்றிரண்டு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம்.

காலையில் எங்கல்பெர்ட் சாமி ஜன்னலைத் திறந்தார். எங்கள் வாசலிலிருந்து பாலம் வரைக்கும் பெண்கள் வரிசை. ரொட்டிக் கடைக்காரரின் மனைவி நின்றார். ஓட்மாரின் மனைவி நின்றார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மேயரம்மாவும் நின்றார்.

"யாருப்பா இவங்கள்லாம்?"

"பக்தர்கள், சாமி" என்றேன்.

"ஊர்ல பக்தி வளந்திருக்கு" என்று அவர் மகிழ்ந்தார். ஒவ்வொருவர் பெயராக எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இறகை மையில் தொட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். வரிசையில் ஏழாவதாக என் மனைவி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.