அரசாங்கத்தின் சிவப்புப் புள்ளி

எதிரியை எட்டத்திலேயே நிறுத்துவது சாதாரணப் படைகளின் வேலை. கைக்கெட்டும் தூரம் வரை வரவிட்டு, முகத்துக்கு முகம் பார்த்துப் போரிடும் தீரம், 2009-ஆம் ஆண்டில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தகரக் கூரைக்கு அடியில் இயங்கிய அந்தக் கடலோரக் காவல் நிலையத்துக்கு மட்டுமே வாய்த்திருந்தது. ரோந்துப் படகு பழுதாகிக் கிடந்ததால், எதிரி தானாகக் கரைக்கு வந்தால்தான் உண்டு.

அதற்கேற்ற ஆயுதமும் வந்து சேர்ந்தது. குட்டையான கார்பைன் துப்பாக்கி ஒன்று. கூடவே 'துணைக்கருவிகள்': குழலுக்கு அடியில் டார்ச், முன்கைப்பிடி, தோள்வார், உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி எரியும்; அது யார்மேல் தெரிகிறதோ அவன் காலி. புள்ளி எரிய பேட்டரி வேண்டும். பேட்டரி மட்டும் வரவில்லை.

ஆயுத அறை ஜான்சியின் பொறுப்பு. தேவனாம்பட்டினத்துப் பெண். தகுதிகாண் பருவம் முடிய ஒரு மாதம் இருந்தது. ஆய்வில் குறையில்லாமல் தேறிவிட்டால் வேலை நிரந்தரம். பேட்டரி கேட்டு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தாள். மேலிடம் மூன்றையும் 'பரிசீலனையில்' வைத்துக் கௌரவித்திருந்தது.

ஆயுத பூஜை வந்தது. இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கம் பக்தியில் குறை வைக்காதவர். ஜீப், கம்ப்யூட்டர், லத்தி, கைவிலங்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கார்பைனின் கண்ணாடியிலும் நட்ட நடுவே குங்குமத்தை ஒற்றினார்.

இரண்டு நாள் கழித்து ஜான்சி துணியோடு போனாள்.

"ஏம்மா, பூஜையில வச்ச பொட்ட அழிக்கவா போற?" என்றார் பொன்னுரங்கம்.

"குறி பாக்குற கண்ணாடிங்கய்யா..."

"அதுவா உதுரட்டும், வுடு."

ஜான்சி துணியை மடித்துக்கொண்டாள். மற்றவர்கள் துடைத்தால் அது சுத்தம். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் பைபிளோடு போகிறவள் துடைத்தால் அது சேதி. மீன் மார்க்கெட் வரைக்கும் போகும்.

அடுத்த வாரம் ஆய்வு. வந்த அதிகாரி கார்பைனைத் தூக்கி ஒரு கண்ணை மூடினார்.

"அடடே! புள்ளி தெரியுதே! பேட்டரி இல்ல, பேட்டரி இல்லன்னு மூணு லெட்டர் போட்டது யாருய்யா?"

பொன்னுரங்கம் விறைப்பாக நின்றார். "தெய்வச் செயலுங்கய்யா."

'நேரில் கண்டேன். புள்ளி சிறப்பாகச் செயல்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை ஜான்சியிடம் நீட்டினார் அதிகாரி. "நீயும் போடும்மா. என்ன, எதனா சொல்லணுமா?"

'ஐயா, அது குங்குமம்.' மூன்றே சொல். நாக்கின் நுனி வரை வந்துவிட்டன. ஆனால் 'நிரந்தரம்' என்கிற ஒற்றைச் சொல் குறுக்கே உட்கார்ந்து மூன்றையும் அமுக்கிவிட்டது.

"ஒண்ணுமில்லீங்கய்யா."

தன் நெற்றியில் பொட்டே வைத்தறியாதவள், ஒரு பொட்டுக்குச் சான்று எழுதிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் ஆணை வந்தது: 'பேட்டரி இன்றியே புள்ளி செயல்படுவதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பிற நிலையங்களும் இம்முறையைப் பின்பற்றலாம்.'

பிச்சாவரத்தில் ஒத்திகை நடந்தது. சுரபுன்னைக் காட்டுக்குள் 'தீவிரவாதிகள்' ஒளிந்துகொள்ள, கார்பைனோடு வாடகைப் படகில் போனவன் தங்கராசு. நிலையத்தின் இளைய காவலன், கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. முதல் வளைவிலேயே அவனுக்கு 'வீரமரணம்' அறிவிக்கப்பட்டது.

கரைக்கு வந்தவன் கழுத்தில் 'இறந்தவர்' என்று எழுதிய அட்டை தொங்கியது. டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் ஜான்சி.

"தலைய ஆட்டுனா புள்ளியும் ஆடுதுக்கா. ஆளு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். ரெண்டையும் சேக்கறதுக்குள்ள சுட்டுட்டானுங்க." சிரித்தான். "நீ கையெழுத்துப் போட்டுருந்தியேன்னுதாங்க்கா நம்பிப் போனேன்."

அட்டை அவன் டீ டம்ளரில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. ஜான்சி அதை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள்.

நிலையத்துக்குத் திரும்பியதும், பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். நாலாவது கடிதம் எழுதினாள்: 'புள்ளி இல்லை. எப்போதும் இருந்ததில்லை.'

துறை வரலாற்றிலேயே முதன்முறையாக, மூன்றே நாளில் பதில் வந்தது. ஆய்வு செய்த அதிகாரியே அனுப்பிய மெமோ: 'நல்ல நிலையில் இயங்கிவந்த அரசுப் புள்ளியை அழித்தது ஏன்? விளக்கம் ஏற்கப்படும் வரை பணி நிரந்தரம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

"நான் அப்பவே சொன்னன்ல," என்றார் பொன்னுரங்கம், "அதுவா உதுரட்டும்னு?"

ஜான்சி விளக்கம் எழுதினாள்:

'ஐயா, அரசுப் புள்ளியை நான் அழிக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறேன். இணைப்பில் உள்ள கைக்குட்டையில் பத்திரமாக இருக்கிறது. தாங்கள் நேரில் கண்டது இதுதானா என்று முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம். காவலர் தங்கராசு அடுத்த முறை போகும்போது ஒத்திகையாக இருக்காது என்பதால், "இது குங்குமம்" என்று கைக்குட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே தங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.'